வண்டியின் முகத்தில் கட்டிய பொன்னாடை

மகனே,

நேற்று மாலை நீ தொலைபேசியில் சொன்ன செய்திக்கு நான் உரிய மறுமொழி கூறவில்லை. "வெள்ளிக்கெழம ராஜினாமா குடுத்துருதேம்மா. மாசக் கடைசில ஊருக்கு வந்துருவேன். இனிமே பங்க்ல நான் உக்காருதேன், நீ வீட்ல இரு" என்றாய். நான் "சரிலே, சாப்ட்டியா?" என்று கேட்டு வைத்துவிட்டேன். பெட்ரோல் நிரப்ப வந்த வண்டிகள் வரிசையில் நின்றன. பின்னால் வீட்டிலிருந்து உன் அப்பா கட்டிலைத் தட்டி என்னை அழைத்துக்கொண்டிருந்தார். இவை காரணங்கள் அல்ல. நீ வருகிறாய் என்றதும் என் நெஞ்சில் முதலில் எழுந்தது மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியின்மீது எனக்கே நம்பிக்கை ஏற்படவில்லை. ஆகவே இன்று காலை முதல், ஒரு வண்டிக்கும் மறு வண்டிக்கும் இடையே கிடைக்கும் பொழுதில், இதே கண்ணாடி அறையில் அமர்ந்து இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இதன் ஒரு படியை நம் நூலக வாசகர் வட்டத்தின் மாத இதழுக்கும் கொடுக்கப்போகிறேன். சினம் கொள்ளாதே. தாயும் மகனும் தனியே பேசித் தீர்க்க வேண்டிய செய்தியை ஊரறிய எழுதுவானேன் என்று நீ கேட்கலாம். உனக்கு நேர்ந்த இழுக்கு நாலு பேர் கூடி நின்று கைதட்டிய இடத்தில் தொடங்கியது. நாலு பேர் முன்னிலையில் போட்ட முடிச்சை நாலு பேர் முன்னிலையிலேயே அவிழ்ப்பதுதான் முறை என்று எண்ணுகிறேன்.

முதலில் நான் இருக்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன்; ஏனெனில் நீ விரும்பி ஏற்க நினைப்பது இவ்விடத்தைத்தான். தென்காசியிலிருந்து செங்கோட்டை செல்லும் சாலையில் நம் பங்க். அதன் நடுவே நான்கு புறமும் கண்ணாடி பதித்த சிற்றறை. அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு மேசை, கணினி, பில் அச்சிடும் பொறி. உன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன வாரத்தில், உன் சித்தப்பா வந்து, "ஒரு பத்து நாளைக்கு நீங்க உக்காருங்க மைனி, அப்புறம் ஏதாவது பாப்பம்" என்றார். அந்தப் பத்து நாள் இன்னும் முடியவில்லை. வெளியே நிற்பவர்கள் என்னைப் பார்க்கிறார்கள். நானும் அவர்களைப் பார்க்கிறேன். ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்பதில்லை. குளிர்சாதனம் பழுதாகி, சரிசெய்து, மீண்டும் பழுதாகி, இப்போது தலைக்கு மேலே வெறும் பெட்டியாகத் தொங்குகிறது. மேற்குப் பக்கக் கண்ணாடி வழியே குற்றால மலை தெரிகிறது. சாரல் காலத்தில் மலைமீது முகில் இறங்குவதையும், அருவிக்குச் செல்லும் வண்டிகள் ஈரத் துண்டுகளைச் சன்னலில் கட்டிப் பறக்கவிட்டுச் செல்வதையும் இங்கிருந்தே பார்த்திருக்கிறேன். கூப்பிடு தொலைவில் இருக்கும் அருவியில் நான் நனைந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான் என்பது இவ்வூர் அறியும். அதன்பின் நூலகத்தில் எதை எதைப் படித்தேன் என்பதை ஊர் அறியாது. நீ பூனாவில் ஹைட்ரஜன் கார் செய்யும் நிறுவனத்தில் சேர்ந்தபோது, "அங்க என்ன செய்யுதான் உன் மவன்?" என்று கேட்போருக்கு "எஞ்சினியர்" என்று ஒற்றைச் சொல்லில் விடையளிக்க என் மனம் ஒப்பவில்லை. அகராதியும் கையுமாக இந்த மேசையில் அமர்ந்து உன் வண்டியின் இயல்பைக் கற்றேன். பெட்ரோல் எஞ்சினைப்போல் உன் எஞ்சினுக்குள் நெருப்பு இல்லை. ஒரு மெல்லிய சவ்வின் ஒருபுறம் ஹைட்ரஜனும் மறுபுறம் காற்றும் வந்து சேர, இடையில் மின்சாரம் பிறக்கிறது, மிஞ்சுவது வெறும் நீர். இத்தகைய கலங்களை நூற்றுக்கணக்கில் அடுக்கி, எழும் மின்சாரத்தால் மோட்டாரைச் சுழற்றுகிறீர்கள். நான் விற்கும் பெட்ரோல் தன் ஆற்றலின் பெரும்பகுதியைச் சூடாக வீணடித்து, கால் பங்கோ, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கோதான் சக்கரத்துக்குக் கொடுக்கிறது. உன் கலங்கள் ஏறக்குறையப் பாதியைக் கொடுத்துவிடுகின்றன. இதனைப் பெட்ரோல் நிரப்ப வருவோரிடமே நான் விளக்கியிருக்கிறேன். நம் பங்கில் குழாய் பிடிக்கும் இசக்கியம்மாள், "அம்மா, நம்ம கடையில நின்னுக்கிட்டே நம்ம சரக்க மட்டம் தட்டுதது நீங்க ஒருத்தர்தான்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் படித்தேன். மின்சாரத்தைக் கொண்டு ஹைட்ரஜனைப் பிரித்து, அதனை அழுத்தி அடைத்து, மீண்டும் வண்டிக்குள் மின்சாரமாக்கும்போது வழியிலேயே பாதிக்கு மேல் கரைந்துபோகிறது. அதே மின்சாரத்தை நேராக பேட்டரியில் ஏற்றினால் இழப்பு மிகக் குறைவு. உன் சித்தப்பாகூட, "கரண்டு காரே வந்துட்டு, இவன் இன்னும் காத்தப் புடிச்சுச் சிலிண்டர்ல அடைச்சுக்கிட்டு இருக்கான்" என்று கேலி பேசினார். அதற்கு நீ கூறிய விடை எனக்கு மறக்கவில்லை. சுந்தரபாண்டியபுரத்துக்கு அப்பால் நிற்கும் காற்றாலைகளைக் காட்டி, "சீசன் காத்துல இத்தனையும் சுத்துனா லைன் தாங்காதுன்னு சிலதப் பூட்டி வச்சிருவாங்க சித்தப்பா. பூட்டி வைக்கிற காத்துல ஹைட்ரஜன் எடுத்தா, அது நட்டமில்ல. மலையேறுத பார வண்டி பேட்டரிய மட்டும் சுமந்துக்கிட்டு எவ்வளவு தூரம் போகும்?" என்றாய். காற்று வீசியும் சுற்ற இயலாமல் நிறுத்தி வைக்கப்பட்ட இறக்கைகளை அதுவரை நான் அவ்வாறு நோக்கியதில்லை. அன்றிலிருந்து அவற்றை என் இனமாகவே கருதி வருகிறேன்.

இனி அந்த ஆனி மாதத்து நாளுக்கு வருகிறேன். ஈரக் காற்றிலும் மலை ஏற்றத்திலும் உங்கள் எஞ்சின் எவ்வாறு உழைக்கிறது என்பதைக் காட்ட, புளியரையிலிருந்து ஆரியங்காவு செல்லும் மலைப்பாதையை நீயே தேர்ந்தெடுத்தாய். சொந்த ஊர்ப் பாதை என்பதால் தேர்ந்தெடுத்தாய் என்று பிறர் சொன்னார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் காற்று புகுந்து வரும் கணவாய் அது என்பதால் தேர்ந்தெடுத்தாய் என்பதை நான் அறிவேன். உன் மேலதிகாரியும், அந்த எஞ்சினை வாங்குவதா வேண்டாமா என்று முடிவுசெய்ய வந்த விருந்தினர் இருவரும் முன்னதாகவே வேறொரு காரில் மேலே சென்று காத்திருந்தார்கள். நீ வண்டியோடு நம் வீட்டு வாசலில் நின்றாய். பங்குக்குள் கொண்டுவராமல், சாலையின் எதிர்ப்புறம் காற்று வரும் திசையில், புங்க மரத்தடியில் நிறுத்தினாய். "சொந்த பங்குக்குள்ள வண்டிய விட மாட்டேங்கியே, என்னலே உனக்கு அவ்வளவு கிராக்கி?" என்று உன் சித்தப்பா கேட்டார். "பெட்ரோல் ஆவி இதுக்கு ஆகாது சித்தப்பா, கலத்துல போய் ஒட்டிக்கிடும். வடிகட்டி இருக்கு, இருந்தாலும் ஏன் வீணா" என்றாய். வண்டியின் பின்குழாயிலிருந்து நீர் சொட்டுவதைப் பார்த்த இசக்கியம்மாள் ஒரு கிண்ணத்தை ஏந்திப் பிடித்து, "ஏயப்பா, இது காரா, குத்தாலத்துப் பாறையா? சோப்பு இருந்தா இங்கனயே குளிச்சிரலாம்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். வாழ்நாளில் அவ்வளவு பெருமிதத்தோடு நான் சாலையில் நின்றதில்லை.

புது வண்டிக்குப் பூசை செய்யாமல் அனுப்பும் வழக்கம் நம் வீட்டில் இல்லை. எலுமிச்சம்பழம் சக்கரத்தடியில் வைத்தாயிற்று. சந்தனம், குங்குமம் இட்டாயிற்று. கற்பூரம் ஏற்றப் போனபோது நீ முன்வந்து தடுத்தாய். "தீயும் புகையும் வேண்டாம் அத்த, மன்னிச்சிருங்க" என்று உன் அத்தையிடம் கைகூப்பிச் சொன்னாய். அத்தையின் முகம் வாடிற்று. கூடியிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நீ ஒரு நாளைக்கு ஒரு முறைதான் பெரியவர்களை மறுத்துப் பேசக் கூடியவன். அந்த ஒரு முறையை அங்கே செலவழித்துவிட்டாய். கற்பூரம் இல்லாத குறையை ஈடுசெய்ய உன் சித்தப்பா தம் சிமெண்டுக் கடையில் மடித்து வைத்திருந்த பொன்னாடை ஒன்றைக் கொண்டுவந்தார். கூட்டத்தில் தலைவர்களுக்குப் போர்த்துவார்களே, அத்தகையது. "நம்ம குடும்பத்து வண்டிக்கு மரியாதை செய்யாம விட்டா எப்படி?" என்று சொல்லி, அதனை வண்டியின் முகப்பில் போர்த்தினார். அது வழுக்கி விழுந்தது. நான்தான் அதன் இரு முனைகளையும் இழுத்து, இரு பக்கமும் இறுக்கமாக முடிச்சுப் போட்டேன். அதன்மேல், நான் சொல்லிவைத்து வாங்கிய கேந்திப்பூ மாலையை மூன்று சுற்றாகச் சுற்றினேன். நீ என் அருகே குனிந்து, "அம்மா, முன்னால வேண்டாம்மா. காத்து போகணும்" என்று மெல்லச் சொன்னாய். சித்தப்பா அதைக் கேட்டுவிட்டு, "காத்து போக இது என்ன கல்யாணக் கொட்டகையாலே? நாலு கிலோமீட்டர்ல மாலை தன்னால உதிர்ந்திரும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

பெட்ரோல் எஞ்சினின் சூட்டில் ஒரு நல்ல பங்கு புகையோடு பின்னால் வெளியேறிவிடும்; உன் எஞ்சினின் பின்குழாயில் வருவது வெதுவெதுப்பான ஈரக் காற்று மட்டுமே. ஆகவே அதன் சூடு அனைத்தும் முன்முகத்திலுள்ள ரேடியேட்டர் வழியாகத்தான் போக வேண்டும். அதிலும் அந்தக் கலங்கள் மிகுந்த சூட்டைப் பொறுக்க மாட்டா, சவ்வு காய்ந்துவிடும். இவற்றையெல்லாம் நான் படித்திருந்தேன். படித்தது வேறு, நாலு பேர் பார்த்திருக்கக் கையில் மாலையோடு நிற்பது வேறு என்பதை அன்றுதான் கற்றேன்.

"அம்மாவையும் ஏத்திட்டுப் போலே, பெத்தவ பாக்காண்டாமா" என்று யாரோ சொல்ல, நான் பின்னிருக்கையில் ஏறினேன். சித்தப்பா உன் பக்கத்தில் அமர்ந்தார். செங்கோட்டை வரை வண்டி ஓடும் ஓசையே கேட்கவில்லை. தறி நிறுத்திய வீட்டைப்போல் அவ்வளவு அமைதி. புளியரை தாண்டி ஏற்றம் தொடங்கியதும் உன் முன்னிருந்த திரையில் ஓர் எண் ஏறிக்கொண்டே போவதைப் பார்த்தேன். அது என்னவென்று எனக்குத் தெரியும். முதலில் துணை பேட்டரி கைகொடுத்தது; அதுவும் தீர்ந்தது. எஸ் வளைவில் திரும்பும்போது வண்டி தானாகவே தளர்ந்தது. "ஏலே, மிதிலே! நல்லா மிதி!" என்றார் சித்தப்பா. "மிதிச்சா இன்னும் சூடாகும் சித்தப்பா. சவ்வு கெட்டுப் போகாம இருக்க அதுவே கொறச்சிக்கிடுது" என்றாய். ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம், பின்னால் மரம் ஏற்றிய லாரிகளும் கேரளத்துப் பேருந்துகளும். ஒதுங்க இடமில்லை; நிறுத்தவும் வழியில்லை. மனிதன் நடக்கும் வேகத்தில் மாலையும் பொன்னாடையுமாக ஊர்ந்து சென்றோம். பின்னாலிருந்த லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "அண்ணாச்சி, சாமி பொறப்பாடா? சொல்லுங்க, நாங்க எறங்கி வடம் பிடிக்கோம்!" என்று கூவினார். அவருக்குப் பின்னாலிருந்து யாரோ "கோவிந்தா" போட்டார்கள். அந்தக் காருக்குள் நாம் மூவரும் அமர்ந்திருந்த அமைதியைப் போன்ற ஒன்றை நான் என் கண்ணாடி அறையில்கூட அனுபவித்ததில்லை.

வளைவு முடிந்து, சாலையோரம் சற்றே அகன்ற ஓரிடம் வந்தது. அங்கே நிறுத்தியிருக்கலாம். ஒரு முடிச்சை அவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும்? நீ கண்ணாடியில் என்னைப் பார்த்தாய். நான் தலையசைத்தேன். நீ எதைக் கேட்டாய் என்பது அப்போது எனக்கு விளங்கவில்லை. தைரியமாகப் போ என்று சொல்வதாக எண்ணிக்கொண்டுதான் தலையசைத்தேன். நீ நிறுத்தாமல் சென்றாய்.

மேலே சோதனைச் சாவடி அருகே விருந்தினர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அனல் தாங்காமல் கேந்திப்பூக்கள் துவண்டு, வேகவைத்த கீரையைப்போல் மணத்தன. கேரளத்துக் கொல்லத்துக்காரரான உன் மேலதிகாரி மாலையை விரலால் தூக்கிப் பார்த்து, அடியிலிருந்த பொன்னாடையையும் பார்த்து, "இது ஆரு கெட்டினது?" என்று கேட்டார். நானும் சித்தப்பாவும் அங்கேதான் நின்றோம். "நான்தான் சார். எடுக்க மறந்துட்டேன்" என்றாய். "மறந்து போயோ? நீயோ?" என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்கு மிகவும் வலித்தது. விருந்தினர்களுக்கு மாலையைப் பற்றியெல்லாம் அக்கறையில்லை. ஏற்றத்தில் இந்த எஞ்சின் தளர்ந்துவிடும் என்பதை மட்டும் அவர்கள் மனத்தில் வாங்கிச் சென்றார்கள். நீ அவிழ்த்த பொன்னாடையை மடித்து என் கையில் கொடுத்தாய். அதன்பின் உன்னைச் சாலைச் சோதனையிலிருந்து நீக்கி மேசை வேலைக்கு மாற்றியதும், உன் குரல் ஒவ்வொரு வாரமும் சிறுத்துக்கொண்டு வந்ததும், சித்தப்பா இடையிடையே உன்னை அழைத்து "அங்கன கெடந்து என்னலே செய்யுதே, சொந்த பங்கு இருக்கு" என்று சொல்லி வந்ததும் எனக்குத் தெரியும்.

நீ ஆறு வயதில் இருந்தபோது ஐந்தருவியில் நடந்ததை உனக்கு நினைவூட்டுகிறேன். நல்ல சீசன், தோளோடு தோள் இடிக்கும் கூட்டம். உன் அப்பாவின் கையை விட்டுவிட்டு, குளிப்பவர்களின் முதுகுக்கும் பாறைக்கும் நடுவே நீ சிக்கிக்கொண்டாய். நாங்கள் எங்கெங்கோ தேடினோம். கூட்டம் சற்று விலகியபோதுதான் பாறையோடு ஒட்டி நின்ற உன்னைக் கண்டோம். உதடு நீலம் பாரித்து, பல் கிட்டித்திருந்தது. "ஏம்லே சத்தம் போடல?" என்று நான் உலுக்கிக் கேட்டேன். "எல்லாரும் சந்தோசமாக் குளிச்சிட்டு இருந்தாங்கல்லா" என்றாய். அன்று உறவினரெல்லாம் உன்னை எவ்வளவு பொறுமையான பிள்ளை என்று மெச்சினார்கள். நானும் மெச்சினேன். மெச்சியிருக்கக் கூடாது. மூச்சு முட்டும்போது பிறர் மகிழ்ச்சியைக் கெடுக்காதிருப்பது பொறுமை அன்று, மகனே. கற்பூரத்துக்கு ஒரு மறுப்பு, பொன்னாடைக்கு இன்னொரு மறுப்பு என்று ஒரே நாளில் இரண்டு முறை மறுத்தால் உலகம் இடிந்துவிடாது. அத்தை இரண்டு நாள் பேசாதிருப்பாள். மூன்றாம் நாள் அவளே வருவாள். நீ மெல்லச் சொன்னதை இரண்டாம் முறை உரக்கச் சொல்லியிருந்தால், அந்த முடிச்சை என் கையே அவிழ்த்திருக்கும்.

இப்போதும் அதையேதான் செய்கிறாய். உன் முகத்தில் ஒரு துணியை இழுத்துக் கட்டுகிறோம். நீ அறிந்தே நிற்கிறாய். அதற்கு நாங்கள் குடும்பம் என்று பெயரிடுகிறோம். நீ கடமை என்று பெயரிடுகிறாய். உன் எஞ்சினைப் பற்றி நான் படித்தவற்றுள் என்னை மிகவும் வியக்கவைத்தது ஒன்று உண்டு. அதன் முழு வலிமையையும் ஒருங்கே கேட்டால் அதன் சிக்கனம் குறைந்துவிடும். பாதிக்கும் குறைவாகக் கேட்கும்போதே அது தன் சிறப்பைக் காட்டுகிறது. பெட்ரோல் எஞ்சினின் இயல்பு இதற்கு நேர்மாறு. உன்னிடம் முழுவதையும் கேட்கும் உரிமை எங்களுக்கு இருப்பதாக எண்ணி வந்தோம்.

இந்த இடம்வரை எழுதியபோது பிற்பகலாகிவிட்டது. பங்குனி வெயில், அருவிகளில் நூலளவே நீர் என்று சொல்லிக்கொண்டார்கள். அப்போது உன் சித்தப்பா வந்தார். வந்தவுடனே, "என்ன மைனி, பய வாரானாம்லா? எனக்கும் போன் போட்டான். நல்ல முடிவு" என்றார்.

"வரல தம்பி" என்றேன்.

"என்ன வரல?"

"வெள்ளிக்கெழம ஒண்ணும் குடுக்காண்டாம்னு எழுதிக்கிட்டு இருக்கேன்."

அவர் திறந்த கதவைப் பிடித்தபடி நின்றார். "அப்ப இங்கன யாரு உக்காருவா? எத்தன நாளைக்கு நீங்களே உக்காருவீங்க? நம்ம வீட்டு ஆள் ஒருத்தர் வேண்டாமா?"

"நீங்களும் நம்ம வீட்டு ஆள்தான? வாரத்துல ரெண்டு நாள் நீங்க உக்காருங்க தம்பி. நான் கொஞ்சம் வெளிய நடமாடுவேன்."

"நானா? எனக்குக் கடை கெடக்கே மைனி. சிமெண்டு லோடு வேற வருது."

வெளியே குழாயோடு நின்ற இசக்கியம்மாள் அதைக் கேட்டுவிட்டாள். "அண்ணாச்சி, ஊர்ல உள்ளவங்கள எல்லாம் உக்காரச் சொல்லுதீங்க. ஒரு நாளாவது உக்காந்து பாருங்களேன், சீட்டு கடிக்கவா செய்யும்?"

அந்நேரம் உன் அப்பா கட்டிலைத் தட்டும் ஓசை கேட்டது. மாத்திரை கொடுக்கும் வேளை. "சித்த நேரம் பாத்துக்கிடுங்க" என்று சொல்லி, சித்தப்பாவை நாற்காலியில் அமர்த்திவிட்டு வீட்டுக்குள் போனேன். உன் அப்பாவிடம் உன் செய்தியைச் சொன்னேன். நீ வராமலிருக்க எழுதுகிறேன் என்பதையும் சொன்னேன். அவர் வாய் கோணியபடி, "வரட்டும்" என்றார். அவருக்கு நீ வர வேண்டும். அதை உன்னிடம் மறைப்பது முறையன்று. எனக்கும் நீ வர வேண்டும். "நீங்க ஆசப்படுதீங்க, நானும் ஆசப்படுதேன். அதுக்காக அவனையும் அந்தக் கூண்டுல வைக்கவா?" என்று கேட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவரோடு இன்றிரவும் நாளையும் நான் இருக்க வேண்டும். இதற்கு எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

நான் திரும்பி வருவதற்குள் சித்தப்பா அறையின் கதவைத் திறந்து வெளியே நின்றுகொண்டிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "என்ன மைனி இது, உள்ள இம்புட்டு அனலா இருக்கு! மேக்க இருந்து வெயில் மூஞ்சில அடிக்கி. மூச்சே விட முடியல. இம்புட்டு நாளும் இப்படியா இருந்தீங்க?" என்றார். கேலி இல்லாத குரலை அவரிடமிருந்து நான் கேட்டு வெகு நாளாயிற்று. "ஒரு துணியாவது கெட்டக் கூடாதா?" என்றார்.

நான் மீண்டும் வீட்டுக்குள் போய், பீரோவின் அடித்தட்டிலிருந்து அந்தப் பொன்னாடையை எடுத்து வந்தேன். நான்கு முறை துவைத்தும் கேந்திப்பூவின் மஞ்சள் கறை போகவில்லை. சரிகை ஒருபக்கம் கருத்திருந்தது. நாற்காலியின்மேல் ஏறி நின்று, மேற்குக் கண்ணாடியின் மேல்பாதியில் அதைக் கட்டினேன். மலை தெரியும் அளவுக்குக் கீழே இடம் விட்டேன். சித்தப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பிறகு துணியை உற்றுப் பார்த்து, "இது நான் போட்டதுல்லா மைனி?" என்றார்.

"ஆமா தம்பி. மறைக்க வேண்டிய எடத்துல கெட்டுதேன்."

போகும்போது, "செவ்வாக்கெழம கடை லீவுதான். பாப்பம்" என்றார். 'பாப்பம்' என்பதன் பொருளை நீயும் அறிவாய், நானும் அறிவேன். ஆகவே நான் விடுதலை பெற்றுவிட்டதாக எண்ணி நீ நிம்மதி அடைய வேண்டாம். இப்போதும் அதே நாற்காலியில்தான் அமர்ந்திருக்கிறேன். கதவுக்கு வெளியே வண்டிகள் நிற்கின்றன. யாரோ கண்ணாடியைத் தட்டுகிறார்கள். என்னை இங்கிருந்து மீட்க நீ உள்ளே வந்து அமர்ந்தால், நான் வெளியேறிவிட மாட்டேன், மகனே; உன்னைப் பார்த்துக்கொண்டு இந்த வாசலிலேயேதான் நிற்பேன். இந்த இடத்துக்கு வேறு வழி காண வேண்டியது என் வேலை. மெதுவாகக் காண்பேன்; காண முடியாமலும் போகலாம்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை உன் மேலதிகாரியின் அறைக்குப் போ. கையில் ராஜினாமாவோடு அல்ல. அன்று மலைமேல் நீ சொன்னது பொய் என்றும், மறந்துபோகவில்லை என்றும், துணியைக் கட்டியவள் உன் தாய் என்றும், கூடாது என்று தெரிந்தும் நீ உரக்கச் சொல்லவில்லை என்றும் சொல். அவர் சிரித்தாலும் சிரிக்கட்டும். கொல்லத்துக்காரருக்கும் தாய் இருப்பாள். அதன்பின், அதே ஏற்றத்தில் இன்னொரு முறை ஓட்டிக்காட்ட அனுமதி கேள். இல்லை என்றால் மறுநாளும் கேள். அடுத்த சாரலுக்குள் நீ அந்த வண்டியோடு புங்க மரத்தடியில் வந்து நிற்க வேண்டும். எலுமிச்சம்பழம் வைப்பேன், சந்தனம் இடுவேன், அத்தையும் வருவாள். மாலையை வண்டியின் பின்னால், நீர் சொட்டும் இடத்துக்கு மேலே கட்டுவேன்.

சித்தப்பா மறுபடியும் மரியாதை செய்யக் கிளம்பினால் நீ பேச வேண்டியதில்லை, நான் பார்த்துக்கொள்கிறேன். பொன்னாடை என் அறையில் வெயிலை மறைத்துக்கொண்டிருக்கிறது. உன் வண்டியின் முகத்தில் கட்ட இனி என்னிடம் துணி இல்லை.

உன் அம்மா